ஈசான மூலையில் ஒரு ஜாக்கி பம்பு

எங்கள் பழைய கம்பெனி ஆட்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் ரிட்டையர் ஆன பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். நீக்குகிற அதிகாரம் உள்ளவன் வேறு வேலைக்குப் போய் போன் நம்பரையும் மாற்றிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது.

"அண்ணே, இங்க ஒரு கம்பெனில ஜாக்கி பம்பு ரொம்பப் பழசாயிடுச்சி. எத்தினி தடவை ஓடுதுன்னு இப்பல்லாம் போன்லயே வந்துடுது. சும்மா சும்மா ஓடிக்கினே கீது. கஸ்டமரு பெரிய சைஸா ஒண்ணு போட்டுத் தொலைங்கன்றாரு. போட்டுடலாமா?"

"போடாதே" என்று பதில் அனுப்பினேன். உடனே "ஏண்ணே?" என்று வரிசையாக வந்தன. அந்த 'ஏன்' கட்டைவிரலால் தட்டி முடிக்கிற நீளத்தில் இல்லை. அதில் ஒரு பிள்ளையார் வருவார், ஒரு கறுப்புச் சட்டைக்காரர் வருவார், கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் வருவார், வாழைத்தார் வரும், கடைசியில் நான் தொப்பலாக நனைவேன். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று. பெரிய தொழிற்சாலைகளில் தீயணைப்பதற்கென்றே தனியாக ஒரு குழாய் பூமிக்கடியில் கட்டடங்களைச் சுற்றி ஓடும். அதில் எந்நேரமும் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏழு கிலோ அழுத்தம் என்போம். தீப்பிடித்து எங்காவது தண்ணீர் திறந்தால் அழுத்தம் சடசடவென்று இறங்கும். ஐந்துக்குக் கீழே போனதும் பெரிய பம்பு தானாக எழுந்துகொள்ளும், கூடவே சைரனும் கத்தும். ஆனால் உலகத்தில் எந்தக் குழாயும் உத்தமன் கிடையாது. எங்காவது ஒரு சொட்டு கசியும். ஒரு சொட்டுக்காகப் பெரியவரை எழுப்ப முடியுமா? அதற்குத்தான் பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு. அழுத்தம் ஆறுக்கு வந்தால் ஓடி, ஏழாக்கிவிட்டு, பேசாமல் படுத்துக்கொள்ளும். அதுதான் ஜாக்கி பம்பு. பந்தயக் குதிரை மேல் உட்காருகிற குள்ளமான ஆளின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நானும் குள்ளம்தான். என்னை இந்த வேலைக்கு எடுத்ததே அளவு பொருந்தியதால்தான் என்று என் மனைவி இன்றுவரை நம்புகிறாள்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. எனக்கு ஞாபகமில்லை. விழுப்புரத்தில் கீழே டயர் கடை, மேலே எங்கள் ஆபீஸ். முதல் சில வருடங்கள் ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் டீ கேட்டால் டீ வாங்கி வருவதுமாகப் போயின. இரண்டையும் மாற்றிச் செய்து திட்டு வாங்கியது தனிக் கணக்கு. அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் தேவராஜ் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வருடம் முழுவதும் கறுப்புச் சட்டை. சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்பதில் உறுதியானவர். சிரிப்பும் இல்லை என்பதில் அதைவிட உறுதியானவர். நான் எத்தனையோ வருடம் அவரோடு வேனில் போய் வந்தேன். விழுப்புரத்தில் ஏறியதும் ஒரு ஜோக் சொல்வேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் அது எங்கே சிரிக்க வேண்டும் என்று விளக்குவேன். திண்டிவனம் வந்ததும் அவர், "முடிஞ்சிடுச்சா?" என்பார்.

மஞ்சள் பையில், பழைய பனியன் துணியில் சுற்றி, சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வைத்திருப்பார். எந்தத் தொழிற்சாலையின் கேஜையும் நம்ப மாட்டார். போனதும் பம்பைத் தொடமாட்டார். தன் கேஜை மாட்டுவார். ஒரு நாற்காலி கேட்பார். கேஜுக்கு எதிரே பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி உட்கார்ந்து ஊசியையே பார்ப்பார். அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது, ஒரே சீராக இறங்குகிறதா, விட்டுவிட்டு இறங்குகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. தூங்குகிறார் என்று நினைத்து ஒருமுறை அவர் டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அது என்னுது" என்றார்.

இன்னொரு பழக்கம். பம்பில் கை வைப்பதற்கு முன் அதன் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை அணைத்தால் யாராவது போட்டுவிடுவான். ஃப்யூஸ் என்னிடம் இருந்தால் எவன் போடுவான் என்பது அவர் வாதம். எல்லா மேனேஜரும் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திண்டிவனத்துக்குச் சற்று வெளியே ஒரு மெத்தைத் தொழிற்சாலை. ஃபோம் மெத்தை. தீக்குச்சியைக் காட்டினால் தீ எரியாது, ஓடும், அவ்வளவு வேகம். கோடவுனில் மெத்தைக்கு உறை போட்டுக் கட்டுகிற வேலையில் முழுக்கப் பெண்கள். ஃபேக்டரி மேனேஜர் பெயர் சம்பந்தம். நல்ல மனிதர், ஆனால் வாஸ்து பைத்தியம். தண்ணீர் ஈசான மூலையில் இருக்க வேண்டும் என்று தீயணைப்புத் தொட்டியும் பம்பு அறையும் வடகிழக்கு மூலையில். சாமியும் ஈசான மூலையில் இருக்க வேண்டும் என்று அதற்குப் பக்கத்திலேயே பிள்ளையார். வாஸ்து பார்த்தவர், தண்ணீர் சும்மா இருந்தால் போதாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளையார் பின்னால் கல் அடுக்கி ஒரு குட்டி அருவி. அது விழத் தொடங்கிய மாதமே வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு சூரியன் நின்றாலும் அருவி நிற்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. வழிகிற தண்ணீர் பின்னாலிருந்த வாழைக்குப் போகும். வாழையைக் கவனித்துக்கொண்டவர் தோட்டக்காரர் ஏழுமலை.

பம்பு அறையைக் கவனித்துக்கொண்டவர் காதர் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் பம்பு அறையிலேயே தலை நரைத்து ஊர் திரும்பியவர். அவர் பம்பு அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். பக்கத்துப் பிள்ளையாருக்குக்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது. தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். கையில் வீட்டுச் சாப்பாடு. எனக்கும் பங்கு உண்டு. ஒருநாள் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அங்க இருந்த காலம் பூரா ஊட்டுக்காரம்மாவோட போன்லயே குடும்பம் நடத்திக்கினு இருந்தேன் சார். கோவம் வந்தா வெச்சிடுவா. இப்பதான் நேருக்கு நேரா சண்டை போட ஆளு கெடச்சிருக்கு. இந்த வேலை போச்சுன்னா மச்சான் பையன் மறுபடியும் விசா அனுப்பறேன்னுக்கினு கீறான். இன்னொரு தபா ஏரோப்ளேன் ஏற என்னால ஆவாது."

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

அங்கிருந்த ஜாக்கி பம்பு நிஜமாகவே கிழம். உடல் அரித்து, ஷாஃப்ட் ஆடி, ஓடும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல் சத்தம். அதை மாற்றிப் புதிது போட்டோம். அதுவரை நியாயம். ஆனால் ஒரு பொங்கலுக்குப் போட்ட புதுப் பம்பு அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது. இன்னொன்று போட்டேன். அதுவும் புகைந்தது. ஒவ்வொரு முறை நான் வரும்போதும் ஏழுமலை ஒரு வாழைத்தாரை வேனில் ஏற்றிவிடுவார். பம்பு சாவது துக்கம்தான் என்றாலும் காரியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதனால் காரணத்தை நான் அவ்வளவாகத் துருவவில்லை.

மூன்றாவது முறை மேனேஜர் பொறுமை இழந்தார்.

"என்னா பலராமன், சின்னது சின்னதா போட்டு சாவடிச்சிக்கினு இருக்கீங்க? பெரிய ஜாக்கியா ஒண்ணு போடுங்க. ஆளையும் மாத்தப் போறேன். இந்த பாய் லாரிக்காரனுங்களுக்கு தீயணைக்கிற ஹைட்ரண்டுக் கொழாயைத் தொறந்து வுட்டு லாரி கழுவ வுடறாரு. தண்ணி வேற எங்க போவும்?"

காதர் பாயிடம் கேட்டேன். "ஒரு தபா கூடத் தொறந்ததில்ல சார்" என்றார்.

"அப்ப தண்ணி எங்க போவுது பாய்?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். வாசலைப் பார்த்தார். "தேடுங்க சார். நீங்க தேடினா நல்லா இருக்கும்."

என் திறமையைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பாராட்டு என்றால் நான் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வேன்.

தேடவில்லை. பெரிய ஜாக்கிக்குத்தான் ஏற்பாடு செய்தேன். அதைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றி, விக்கிரவாண்டியில் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி கொண்டுபோய் இறக்கினேன். மாட்டி ஓட்டியதும் ஊசி ஒரே எகிறாக ஏழுக்குப் போய் நின்றது. மேனேஜர் பம்பு மேல் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். நானும் இன்னொரு பக்கம் கை வைத்தேன். மாத முடிவில் காதர் பாயை அனுப்பிவிடுவது என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்தவில்லை.

பம்பை ஒப்படைக்குமுன் சோதனை செய்ய தேவராஜ் சார் வந்தார். கோடவுனின் கடைசி மூலையில் ஒரு சோதனை வால்வு உண்டு. அதைத் திறந்தால், தீயின் சூட்டில் கூரையிலிருக்கும் ஒரு தெளிப்பான் திறந்துகொண்டால் எவ்வளவு தண்ணீர் போகுமோ அவ்வளவு போகும். என்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். தண்ணீர் கொட்டியது. பெரிய பம்பு எழும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

எழவில்லை.

இன்னும் காத்திருந்தோம். மெத்தை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சைரன் இல்லை. தூரத்தில் நான் போட்ட புதுப் பம்பு மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. போகிற தண்ணீரை எல்லாம் அதுவே ஈடுகட்டி, அழுத்தத்தை ஆறுக்குக் கீழே இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்திருந்தது.

"தண்ணிதான் வருதே சார், அப்புறம் என்னா?" என்றார் மேனேஜர்.

தேவராஜ் சார் அந்தப் பெண்களைக் காட்டினார். "இங்க தீ எரியுதுன்னு வெச்சிக்கங்க. இவங்க யாருக்காவது மணி அடிச்சிதா? அடுத்த தெளிப்பானும் தொறக்கற வரைக்கும் அடிக்காது. மெத்தை அதுக்குள்ள எரிஞ்சி முடிஞ்சிடும்."

நான் சோதனை வால்வை மூடினேன். ஜாக்கி பம்பு என்பது வீட்டு வாட்ச்மேன். திருடன் வந்தால் அவன் கத்த வேண்டும். வீட்டுக்காரன் எழுந்து வருவான். நான் என்ன செய்தேன்? கிழ வாட்ச்மேனுக்குப் பதிலாக ஒரு பயில்வானைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவன் திருடனோடு தானே கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறான். வீட்டுக்காரன் குறட்டை விடுகிறான். பெரிய ஜாக்கி போடாதே என்று நான் சொல்வது இதனால்தான், தம்பிகளே.

"கழட்டு" என்றார் தேவராஜ் சார். "பழைய அளவுலயே போடு. போட்டுட்டு, தண்ணி எங்க போவுதுன்னு பார்ப்போம். அது தெரியாம நான் இந்த ஊர விட்டுப் போறதில்ல."

மேனேஜர் முணுமுணுத்தார்: "எங்க போவும்? பாயைக் கேளுங்க."

மறுநாள் காலை. ஜாக்கி இல்லாத நேரத்தில் பெரிய பம்பை ஒருவர் காவல் காக்க வேண்டும். காதர் பாய் அதன் பக்கத்தில் நின்றார். கோடவுனில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் கூடாது என்று சொல்லியாயிற்று. தேவராஜ் சார் ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நான் இரண்டு பக்க வால்வையும் மூடி, பயில்வானை இறக்கி, குள்ளனை ஏற்றினேன். போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் பம்பு சாய்ந்து உட்காரும். மோட்டார் ஷாஃப்டும் பம்பு ஷாஃப்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தேவராஜ் சார் தன் நகத்தால் தடவிப் பார்த்து, "முடியளவு தூக்கு" என்றார். என் தலையில் அப்போது அளந்து பார்க்க அதிகம் முடி இல்லை. மெல்லிய தகடு வைத்துத் தூக்கினேன். காற்றை வெளியேற்றினேன். ஃப்யூஸைப் போட்டு ஒரே ஒரு தட்டு தட்டி, சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டினோம். ஊசி மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஏழுக்கு ஏறியது.

நாற்காலி வந்தது. மாமனார் உட்கார்ந்தார். ஊசி இறங்கத் தொடங்கியது. ஒரே சீராக இறங்கியது. "லாரி கழுவினா விட்டு விட்டு இறங்கும்" என்றார். "இது நிக்காம குடிக்கிற ஆளு."

தொழிற்சாலையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வால்வு உண்டு. ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டும். மூடுகிற வேலை என்னுடையது. ஊசி நிற்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பது காதர் பாய். கோடவுன் வால்வை மூடினேன். "எறங்குது சார்!" கேன்டீன் வால்வு. "எறங்குது!" பாய்லர் பக்கம். "எறங்கிக்கினே கீது!" கடைசியாக, பிள்ளையார் கோயில் முன்னாலிருக்கும் ஆபீஸ் பக்க வால்வு. குழிக்குள் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பினேன்.

"நின்னுடுச்சி!"

அப்பாடா என்று நிமிர்ந்து, பிள்ளையாருக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஏதோ குறைந்தது. சத்தம். அருவி விழவில்லை. கல்லிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அவ்வளவுதான்.

வால்வைத் திறந்தேன். அருவி விழுந்தது. மூடினேன். நின்றது. "சார், இங்க வாங்க, எல்லாரும் வாங்க!" என்று கத்தி, எல்லோர் முன்னாலும் வித்தை காட்டுகிறவன் மாதிரி திறந்து மூடி, திறந்து மூடி, திறந்து காட்டினேன்.

"அதுக்குத் தனியா மோட்டார் கீதேய்யா!" என்றார் மேனேஜர்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "அது செத்து எத்தினியோ நாளாச்சுங்க. நீங்கதான, 'ஏழுமலை, எப்படியாவது தண்ணி வுழணும், நின்னுச்சின்னா ஆர்டர் பூடும்'னீங்க. இந்தப் பைப்பு பக்கத்துலயே போவுதுங்க. எப்பவும் ஃபோர்ஸா வேற வருது. பிளம்பரைக் கூட்டாந்து ஒரு இஞ்ச் பைப்புல இழுத்துக்கினேன்."

ஒரு நாளும் நிற்காத ஒரு கசிவு. அதை ஈடுகட்ட ஓடி ஓடித்தான் அத்தனை பம்பும் செத்திருக்கின்றன.

"அந்தத் தண்ணி வாழைக்குத்தான போவுது?" என்றார் தேவராஜ் சார்.

"ஆமாங்க. பலராமண்ணன்கூட நம்ம பழம் ரொம்ப ருசின்னு சொல்லுவாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் கையிலும் ஒரு வாழைப்பழம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு இருந்திருக்கிறது.

சரி, குழாயைத் துண்டிக்க வேண்டும். யார் செய்வது? மேனேஜர் பின்வாங்கினார்: "சாமி தண்ணி... ஆர்டர் வேற கீது..." ஏழுமலை, "நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார். தேவராஜ் சார் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார்: "நான் கைவெச்சா கறுப்புச் சட்டை வேணும்னே பண்ணான்னு ஆவும்." சொல்லிவிட்டு எதேச்சையாகக் காதர் பாய் பக்கம் திரும்பினார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்க தேடினா நல்லா இருக்கும். அன்றைக்கு இதைச் சொன்னபோது பாய் பார்த்த வாசலுக்கு வெளியேதான் இந்த அருவி. அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வேலை போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நான் பண்றேன்" என்றேன்.

எனக்கும் பயம்தான். வருடா வருடம் தேங்காய் உடைக்கிறவன். சூடம் ஏற்றி, "அப்பனே, ஒனக்குத் தனியா போர் போட்டுத் தர வெக்கிறேன், கோச்சிக்காத" என்று கேட்டுக்கொண்டு, வால்வை அடுத்து ஏழுமலை குழாய் இழுத்திருந்த அதே குழிக்குள் இறங்கினேன்.

"வால்வை மூடினியா?" என்றார் தேவராஜ் சார்.

"மூடியாச்சு சார்."

திறந்து மூடி, திறந்து மூடி, திறந்து என்று மேலே எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள். நான் எண்ணவில்லை.

பைப் ரெஞ்சைப் போட்டு அந்த ஒரு இஞ்ச் குழாயின் இணைப்பைச் சுழற்றினேன். இரண்டாவது சுற்றில் குழாய் கையை விட்டுப் பறந்தது. ஏழு கிலோ தண்ணீர் என் நெஞ்சில் குத்தி, கண்ணாடியைப் பிடுங்கி, என்னைக் குழிச் சுவரோடு ஒட்டியது. அந்தத் தண்ணீர்ப் போக்குக்குக் குள்ளனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அழுத்தம் விழுந்தது. பம்பு அறைக்குள் பெரியவர் உறுமிக்கொண்டு எழுந்தார். சைரன் கத்தியது. கோடவுனிலிருந்து பெண்கள் சொல்லிக் கொடுத்தபடி வரிசையாக வெளியே வந்தார்கள். ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடமும் ஈசான மூலைதான். ஆகவே அத்தனை பேரும் பிள்ளையார் முன்னால் வந்து நின்று, குழிக்குள் எனக்கு நடந்த அபிஷேகத்தைத் தரிசித்தார்கள்.

"பாய்! நிறுத்துங்க!" என்று அலறினேன். மேனேஜரும், "நிறுத்துய்யா, நிறுத்துய்யா!" என்று கத்தினார்.

பெரிய பம்பு எழுந்துவிட்டால் தானாக நிற்காது. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்து, அது அடைபட்ட பிறகு, ஆள்தான் கையால் நிறுத்த வேண்டும். காதர் பாய் பம்பு அறை வாசலில் நின்று அமைதியாகக் கேட்டார்:

"வால்வை மூடிட்டீங்களா சார்?"

"எங்கருந்து மூடறது, நான் முங்கிக்கினு கீறேன் பாய்!"

அவரே ஓடி வந்தார். என் தலைக்கு மேல் கையை விட்டுச் சக்கரத்தை மூடினார். திரும்பிப் போய், ஊசி ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே பெரிய பம்பை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார் என்பதை நான் அந்த நிலையிலும் கவனித்தேன்.

சைரன் ஓய்ந்ததும் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. பம்பில் இன்னும் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தேவராஜ் சார் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. இத்தனை வருட ஜோக்குகளுக்கும் சேர்த்து. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்:

"அந்தப் பெரிய ஜாக்கியே இருந்திருந்தா இன்னிக்கு மணி அடிச்சிருக்காது. இவன் முழுகியே போயிருந்தாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க ஃபேக்டரியில இன்னிக்கு பதறாம, பயப்படாம, தன் வேலையை ஒழுங்கா பண்ணது ரெண்டே பேரு சார். ஒண்ணு அந்தப் பெரிய பம்பு."

இன்னொருவர் யார் என்று சொல்லவில்லை. மேனேஜர் காதர் பாயிடம் போய், "பாய்... லாரி விஷயம்... அத வுட்டுடுங்க" என்றார். "சரிங்க சார்" என்றார் பாய். மன்னிப்பு என்றால் இவ்வளவுதான் அந்தத் தொழிற்சாலையில் கிடைக்கும். மாத முடிவு வந்தது; பாய் போகவில்லை.

பிறகொரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவரோடு நிற்கும்போது கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?"

"நீங்க சொன்னா அது லீக்கு சார். நான் சொன்னா அதுக்கு வேற பேரு ஆயிடும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அதுக்கு துபாயே தேவலாம்னு இருந்துட்டேன்."

பிள்ளையாருக்குச் சொன்ன வாக்குப்படி தனி போர் போட்டார்கள். அருவிக்குத் தனி மோட்டார் வந்தது. அதன் சுவிட்சை மாட்ட மழை படாத சுவர் வேண்டும் என்று தேடியபோது, பம்பு அறைச் சுவர்தான் இருந்தது. அன்றிலிருந்து காலையில் வந்ததும் காதர் பாய் முதலில் அருவியைப் போடுவார், பிறகு கேஜைப் பார்ப்பார். ராத்திரியில் அருவி நின்றும் ஆர்டர் போகவில்லை. எனக்கு வாழைத்தார் வருவதுதான் நின்றுபோயிற்று.

நான் ரிட்டையர் ஆன பிறகும் அவர் அங்கே இருக்கிறார். அவ்வப்போது போன் செய்வார். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோதும் செய்தார்.

"சார், காலையிலருந்து ஜாக்கி ஒரு தபாகூட ஓடல. ஊசி அசைய மாட்டுது. வேலையே இல்லாம பேஜாரா கீது."

"ஊட்டுக்குப் போய்ச் சண்டை போடுங்க பாய்."

"அதுக்குத்தான் சார், ஜல்தியா கெளம்பிக்கினு இருக்கேன்" என்று போனை வைத்தார்.